கண்ணால் கேட்கும் நாய்

லாப்ரடார் வளர்த்துப் பழகிய குடும்பத்தில் கன்னி இனத்து நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தால், முதல் மாதத்திலேயே அந்த வீட்டாருக்குத் தங்கள் அனுபவத்தின் மீதிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். எறிந்த பந்தைக் கொண்டுவந்து கொடுப்பதும், பெயர் சொல்லி அழைத்த மாத்திரத்தில் ஓடி வருவதும், எஜமானின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் மனத்தைக் குளிர்விப்பதுமே நாயின் லட்சணம் என்று எண்ணியிருப்பவர்கள், பந்தைத் துரத்திப் பிடித்து, அது உயிரில்லாத வஸ்து என்று தெரிந்ததும் அங்கேயே போட்டுவிட்டு வேறு திசையை நோக்கும் இந்தப் பிராணியை மந்தபுத்தி என்றோ பிடிவாதக்காரி என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டுமே அநியாயமான தீர்ப்பு. வேட்டைக்காரனின் பக்கத்திலேயே நின்று, அவன் சொல்லுக்குக் காத்திருந்து, அவன் சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவந்து கொடுப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயின் சுபாவம் வேறு. முயல் கிளம்பிய கணத்தில் யாரையும் கேளாமல் புறப்பட்டு, மனிதக் குரல் எட்டாத தூரத்தில், எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவது என்பதைத் தனியாகத் தானே தீர்மானித்தாக வேண்டிய நாயின் சுபாவம் வேறு. பின்னதற்குச் சொந்த புத்தி இல்லாமற்போனால் அன்றைக்கு அந்த வீட்டில் கறி கிடையாது. ஆகவே, உத்தரவுக்குக் காத்திராத குணத்தை நம் முன்னோர் வேண்டி விரும்பியே அதன் ரத்தத்தில் சேர்த்துவைத்தார்கள். அதை நாம் இப்போது பாளையங்கோட்டையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கீழ்ப்படியவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நாயின் தேக அமைப்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பில்லாத சமநிலம். மோப்பம் பிடித்து நிதானமாகத் தேடுவதற்கான புதரோ காடோ அங்கே அபூர்வம். கண்டதும் ஓட வேண்டும், ஓடியே பிடிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்திலிருந்து நீண்ட முகமும், ஆழ்ந்த மார்பும், ஒட்டிய வயிறும், கொழுப்பே படியாத உடலும் உண்டாயின. நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டையைப் போலச் செறிந்திருக்கின்றன என்றும், குட்டை முகமுள்ளவற்றில் அவை நடுவில் திரண்டிருக்கின்றன என்றும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் எழுதினார்கள். தொடுவானத்தின் ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் அதை முதலில் காண்பது நீண்ட முகம்தான் என்பது எங்கள் பக்கத்து ஆட்டிடையர்களான கீதாரிகளுக்கு விழித்திரையைப் பற்றிய ஞானம் இல்லாமலே தெரிந்திருந்த சங்கதி.

கறுப்பு உடலில் கண்ணுக்கு மேலும் முகவாயிலும் கால்களிலும் தேன்நிறம் படர்ந்திருப்பது கன்னி. செவலை, மயிலை, சாம்பல், பருக்கி என்று மற்ற நிறங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவற்றையெல்லாம் சிப்பிப்பாறை என்ற ஒரே பெயருக்குள் அடக்குவோரும் உண்டு, கன்னியைத் தனி இனமாகக் கருதுவோரும் உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் நான் நுழைவதாக இல்லை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாயினங்களுக்கென்று நான்கு தபால்தலைகளை வெளியிட்டபோது நம் பக்கத்திலிருந்து இராஜபாளையத்துக்கு மட்டும் இடம் கிடைத்தது. 2017-ல் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களை எடுத்துச் சொன்ன பிறகுதான் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கின என்று நாங்கள் குட்டி வாங்கிய அண்ணாச்சி சொன்னார். இதில் ஒரு விநோதம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல் வேட்டை குற்றம். எந்தத் தொழிலுக்காக இந்த நாய் உருவாயிற்றோ அந்தத் தொழில் இன்று நியாயமாகவே தடைப்பட்டுக் கிடக்கிறது. வேலையிழந்த வேட்டைக்காரியைத்தான் குடும்பத்தில் ஒருத்தியாக நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்ற நினைப்பு வளர்ப்பவருக்கு எப்போதும் இருப்பது நல்லது.

அண்ணாச்சியின் தோட்டத்தில் தாய் நாய் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அந்நியரான எங்களைக் கண்டு குரைக்கவுமில்லை, வாலாட்டவுமில்லை; எழுந்து வந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டது. தாயின் நிதானத்தைப் பார்த்த பின் குட்டியைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யத் தோன்றவில்லை. எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கடிக்கும் பல்லுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் வலிக்கும் என்பதைத் தாயும் கூடப்பிறந்த குட்டிகளும்தான் கற்றுக்கொடுக்க முடியுமாதலால், அவசரப்பட்டுப் பிரித்த குட்டி பிற்பாடு மனிதக் கையில் அந்தப் பாடத்தைப் படிக்கும். புறப்படும்போது அவர் கூடையை என் மகளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சார், ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. ஓட்டத்துல இருக்கும்போது மட்டும் அதைக் கூப்பிடாதீங்க. அந்நேரம் அதுக்குக் காது கிடையாது, கண்ணு மட்டுந்தான்.”

பிறகு நான் படித்த எத்தனையோ பயிற்சிக் குறிப்புகளில் இதற்கு நிகரான ஒரு வாக்கியத்தைக் காணவில்லை.

பெயர் வைப்பதில் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. ‘பரியேறும் பெருமாள்’ படம் 2018-ல் வந்த பிறகு தென் மாவட்டங்களில் கறுப்பு நிறத்து வேட்டை நாய் என்றாலே குழந்தைகளின் வாயில் கருப்பி என்ற பெயர்தான் வருகிறது. என் மகனுக்கும் அதே ஆசை. ஆனால் அந்தப் படத்தில் வரும் நாயான கருப்பிக்கு நேர்ந்த கதியை அறிந்த என் தாயார், “அந்தப் பேரு மட்டும் வேண்டாம்ய்யா” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் சிட்டு என்று நிச்சயமாயிற்று. அழைப்பதற்கு இரண்டே அசை, நடுவில் அழுத்தமான வல்லொலி. இத்தகைய பெயர் இரைச்சலுக்கு நடுவிலும் நாயின் காதில் தனித்து விழும்.

சிறுநீர் மலம் கழிக்கப் பழக்குவதைப் பற்றி ஏடு ஏடாக எழுதுகிறார்கள். விஷயம் மிகவும் சிறியது. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போக வேண்டும். எங்களுக்குப் பின்கட்டு வேப்பமரத்தடி. போனதும் பாராட்ட வேண்டும். வீட்டுக்குள் நேர்ந்துவிட்டால் பேசாமல் துடைத்துவிட வேண்டும். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, மனிதனைக் கண்டால் ஒளிந்துகொண்டு கழிக்க வேண்டும் என்ற பாடத்தைத் தவிர வேறெதையும் கற்பிப்பதில்லை. துடைப்பதற்குப் பினாயிலைத் தாராளமாகக் கொட்டுவது நம் வீடுகளின் வழக்கம். குட்டி அந்தத் தரையை நக்கும், அது விஷம். வினிகர் கலந்த நீரே போதும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது என்பதால், இரவில் நடுச்சாமத்துக்கு ஒருமுறை எழுந்தாக வேண்டியது பெரியவர்களில் எவருடைய முறை என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது இல்லறத்துக்கு நல்லது.

கடிதான் பெரிய விஷயம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. நான்காவது மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்து முடியும் வரையில் ஈறு தினவெடுத்துக்கொண்டே இருக்கும். எல்லா இனத்துக்கும் பொதுவான இந்தத் தொல்லையோடு, ஓடுகிற எதையும் துரத்துவது என்ற பரம்பரைக் குணமும் சேர்ந்துகொள்ளும்போது, கூடத்தில் ஓடியாடும் சிறுவனின் நிலைமையைச் சொல்லவா வேண்டும்! என் மகன் பள்ளியிலிருந்து வந்து பையை வீசிவிட்டு ஓடுவான். சிட்டு அவன் கால்சட்டையின் ஓரத்தைக் கவ்வுவாள். அவன் கத்திக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுவான். அவளுக்கு அது இன்னும் பிடித்துப்போகும். குட்டியைத் திருத்துவதற்கு முன் பையனுக்கு ஒரு காரியம் கற்றுக்கொடுத்தோம்: அவள் கவ்வியதும் கைகளைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல், மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அசையாத பொருளில் இவளுக்கு அக்கறை கிடையாது. துணியை விட்டுவிடுவாள், ஒரு கணம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் நாங்கள் கூலி கொடுக்கத் தொடங்கினோம்.

எங்கள் வளர்ப்பு முறை முழுவதும் இந்த ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்று சொல்லலாம். உட்கார், படு, கை கொடு என்ற வித்தைகளில் அவளுக்குச் சிரத்தையும் இல்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அவித்த ஈரலைச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாக நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அவள் தானாக என் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ‘சபாஷ்’ என்று ஒரு சொல், உடனே ஒரு துண்டு. முதலில் சமையலறை வாசலில், பிறகு மொட்டைமாடியில், பிறகு தெருவில், பிறகு ஆட்டு மந்தை போகும் குளத்தங்கரையில். அழைப்புக்குக்கூடக் குரலைவிடக் கையையே நம்பினோம்: வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் வர வேண்டும் என்று பொருள். குரல் காற்றில் கரையும் தூரத்திலும் உயர்த்திய கை அவள் பார்வைக்குத் தப்பாது. சிட்டு எங்களைக் காதால் கேட்பதைக் காட்டிலும் கண்ணால் அதிகம் கேட்கிறாள். வந்த பிறகு, எதற்காக அழைத்திருந்தாலும் சரி, அவளுக்கு நன்மை தவிர வேறொன்றும் நேரக்கூடாது என்பது வீட்டில் விதி. குளிப்பாட்டவும், நகம் வெட்டவும், உண்ணி பொறுக்கவும் நாங்கள்தான் அவளிடம் போவோமே தவிர அவளை அழைப்பதில்லை.

இந்த விதியை ஒரு நாளும் மீறாதவர் என் தாயார். ஆரம்பத்தில் “நாய் திண்ணையோட நிக்கட்டும்” என்று எல்லை போட்டவர் அவர்தான். அதிகம் பேசாதவர், மெதுவாக நடப்பவர், ஒன்றை ஒருமுறைக்கு மேல் சொல்லும் பழக்கம் இல்லாதவர். முருங்கைக் கீரை ஆய உட்கார்ந்தால் இரண்டு கை தூரத்தில் சிட்டு வந்து நிற்பாள். அவர் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அவள் படுத்து, முன்னங்கால்களின் மீது முகவாயை வைத்துக்கொண்ட பிறகு, முறத்திலிருந்து கண்ணெடுக்காமலே ஒரு கேரட் துண்டைத் தள்ளிவிடுவார். கீரையைத் தொடக்கூடாது என்றோ, அடுப்படிக்குள் நுழையக்கூடாது என்றோ அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயினும் இன்றுவரை சமையலறையின் நிலைப்படியைச் சிட்டு தாண்டியதில்லை. எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவள் செய்யும் மரியாதையெல்லாம் ஈரல் துண்டுக்காகச் செய்யும் மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

அடித்து வளர்க்கும் பழக்கம் கிராமத்தில் முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வேறு சில இனங்கள் அடியைத் தாங்கிக்கொண்டு மறந்துவிடக்கூடும். இந்த இனம் மறப்பதில்லை. மேல்தோல் மெல்லியது, முள்வேலி உரசினாலே கிழிந்துபோகும், மனமும் அப்படியே. ஒருதரம் கையோங்கியவரிடம் அது எதிர்த்து நிற்காது, உறுமாது; அவரிருக்கும் அறையைத் தவிர்த்துவிடும். கீழ்ப்படியச் செய்துவிட்டோம் என்று அவர் சந்தோஷப்படலாம்.

குளத்தங்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மயில்கள் அதிகம். ஒரு காலை நேரத்தில் பெண்மயில் ஒன்று தன் குஞ்சுகளுடன் கரையின் குறுக்கே இறங்கிற்று. அப்போது சிட்டின் உடம்பில் நேர்ந்த மாறுதலை அருகிலிருந்து கவனித்தேன். முதலில் மூச்சு நின்றது, காதுகள் பின்னுக்கு மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டன, வால் தாழ்ந்தது, முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து எழும்பி அந்தரத்தில் நின்றது, தொடைத் தசை மட்டும் தோலுக்குள் துடித்துக்கொண்டிருக்க, அவள் முழுவதும் இழுத்துப் பிடித்த கவண் ஆகிவிட்டாள். இந்த நிலைக்கும் பாய்ச்சலுக்கும் இடையில் இரண்டு மூன்று மூச்சு விடும் நேரம் உண்டு. பாய்ந்த பின் ஆண்டவனே அழைத்தாலும் பயனில்லை. பாயுமுன் அவள் பெயரை மெதுவாகச் சொன்னால் ஒரு வாய்ப்பு உண்டு. சொன்னேன். காது ஒன்று மட்டும் என் பக்கம் திரும்பிற்று. பிறகு தலை, பிறகு கண். என் சட்டைப்பையிலிருந்த அத்தனை ஈரலும் அந்த இடத்திலேயே செலவாயிற்று.

என்றாலும் அதை நம்பி நான் கயிற்றை அவிழ்த்துவிடவில்லை, அவிழ்க்கப் போவதுமில்லை. சாலையும், ரயில் பாதையும், பிறர் வளர்க்கும் கோழியும் ஆடும் உள்ள ஊரில் இந்த நாயை வெளியில் கட்டின்றி விடுவது, அன்பின் பெயரால் செய்யும் அஜாக்கிரதை. பத்து மீட்டர் நீளப் பருத்திக் கயிறு ஒன்று வைத்திருக்கிறோம். கழுத்துப் பட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: இவற்றுக்குத் தலையைக் காட்டிலும் கழுத்து பருத்தது, ஆகவே கடையில் விற்கும் சாதாரணப் பட்டையிலிருந்து பின்னோக்கி ஓர் இழுப்பில் தலையை உருவிக்கொண்டு போய்விடும். மார்போடு அணைத்துக் கட்டும் ஹார்னஸோ, இழுத்தால் சற்றே இறுகும் அகலப் பட்டையோ அவசியம்.

உணவு விஷயத்தில் உறவினரின் உபத்திரவத்தைத்தான் அதிகம் சமாளிக்க வேண்டியிருந்தது. விலா எலும்புகளில் இரண்டு மூன்று தெரிவதே இந்த இனத்தின் ஆரோக்கிய லட்சணம் என்பதை எவ்வளவு சொன்னாலும், “ஏம்ப்பா, பட்டினியா போடுறீங்க?” என்று கேளாத அத்தையோ சித்தியோ கிடையாது, கேட்டதோடு நில்லாமல் தட்டிலிருந்து எடுத்தும் போட்டுவிடுவார்கள். கரிசல் கிராமங்களில் கம்பங்கூழும் கேழ்வரகும் பாலும், அகப்பட்டபோது இறைச்சியும் தின்று வளர்ந்த வம்சம் இது. நாங்கள் கேழ்வரகு, அவித்த கோழி, முட்டை, தயிர், பூசணிக்காய் என்று கொடுக்கிறோம். மருத்துவர் சொன்ன அளவில் குட்டிகளுக்கான தீவனமும் உண்டு. விருந்தினர் வரும் நாளில் பாயசத்திலுள்ள திராட்சையும், சாம்பார் வெங்காயமும், சாக்லேட்டும், அவித்த கோழியெலும்பும் அவள் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதே தனி உத்தியோகம்; உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம் என்பதால், உண்ட பின் ஒரு மணி நேரமாவது ஓட்டம் கூடாது.

தடுப்பூசிகளை மருத்துவர் அட்டவணைப்படி போட்டுவிட்டால் போதும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி. பார்வோ என்னும் குடல் நோய்க்குப் பயந்து, ஊசிகள் முடியும் வரையில் தெருவில் இறக்காமல், தோளில் போட்டுக்கொண்டே பேருந்து நிலையம், சந்தை, கோயில் வாசல் எல்லாம் காட்டினோம். மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகாதவற்றை நாய் ஆயுள் முழுதும் சந்தேகத்தோடு பார்க்கும் என்பதால், வீட்டிலேயே பூட்டிவைப்பதும் தவறு. இன்னொன்று: கொழுப்பில்லாத இம்மாதிரி ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் உடலை விட்டு நீங்க அதிக நேரம் பிடிக்கும்; அறுவைச் சிகிச்சை எதுவானாலும் இனத்தின் பெயரை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தீபாவளியை நினைத்தால்தான் இப்போதே கவலையாக இருக்கிறது. சிவகாசிக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்த இனம் பட்டாசுக்கு அஞ்சுவதை விதியின் பரிகாசம் என்பதா, வேறென்ன சொல்வது! ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நடித்த நாய் 2024 தீபாவளியின்போது வெடிச்சத்தத்துக்கு மிரண்டு சாலையில் ஓடி வாகனத்தில் அடிபட்டு இறந்தது என்ற செய்தியைப் படித்த நாள் முதல் என் மகன், நாம் இந்த வருஷம் வெடி வாங்க வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்; பக்கத்து வீட்டாரிடமும் சொல்லச் சொல்கிறான். இப்போதைக்குக் கைப்பேசியில் வெடிச்சத்தத்தை மிகத் தாழ்ந்த ஒலியில் வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஈரல் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் கூட்டிவருகிறோம். அன்றிரவு ஜன்னலடைத்த உள்ளறையில் என் மனைவி அவளோடு இருப்பதாக ஏற்பாடு.

ஓட்டம் இல்லாமல் இவளை வைத்திருக்க முடியாது. அதே சமயம், எலும்பு முற்றும் வரையில், அதாவது ஒன்றரை வயது வரையில், நெடுந்தூரம் ஓடவைப்பதும் மாடிப்படி தாவவிடுவதும் கேடு. நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே ஆளுயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர் எழுப்பிய காலி மனை இருக்கிறது. வாரத்தில் ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு அங்கே அவிழ்த்துவிடுகிறோம். யாரும் துரத்தச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பும் அந்த நாலுகால் பாய்ச்சலில், பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி முன்னே வந்து விழ, சுவரோரமாகச் சில சுற்றுகள் அவளே ஓடுவாள். பிறகு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து படுப்பாள். அன்றும் மறுநாளும் வீட்டில் ஒரு நாய் இருப்பதே தெரியாது. வேட்டை நாய் என்றால் ஓயாமல் அலையும் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும் சோம்பேறிகள் இவர்கள்.

அண்ணாச்சி அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கிறார். போன வாரம் பேசும்போது, நல்ல ஜோடி ஒன்று கைவசம் இருக்கிறது, அடுத்த வருஷம் குட்டி போடவிடலாமே என்றார். மருத்துவரோ வளர்ச்சி முடிந்ததும் கருத்தடை செய்துவிடுவது நல்லது என்கிறார். மகளுக்குக் குட்டிகள் வேண்டும். என் மனைவி, நடுச்சாமத்தில் எழுந்திருக்கப் போவது யார் என்பதை முதலில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அண்ணாச்சிக்கு மறுமொழி சொல்லியிருக்கிறேன்.